உளி பிடித்தவன் பெயர் என்ன?

முத்துப்பட்டனுக்கு என் தங்கை மகன் பறக்கும் செருப்பு மாட்டிவிட்டான்.

பெங்களூரில் அனிமேஷன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் டேப்லெட்டைத் திறந்து காட்டினான். பாபநாசம் மலை, அருவி, கறுத்த மேகம் எல்லாம் அசலாக இருந்தன. நடுவில் மார்புக் கவசத்தோடு, எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டு நாயகன் முத்துப்பட்டன். காலில் இருந்த தோல் செருப்பின் அடியிலிருந்து நீல நிறத்தில் நெருப்பு பீறிட்டது. கையில் இருந்த கம்பு மின்னல் கக்கியது. மாட்டுத் திருடர்கள் பத்துப் பதினைந்து பேர் அந்தரத்தில் பறந்துகொண்டிருந்தார்கள்.

“எப்படி இருக்கு மாமா?”

“நல்லாருக்கு மாப்ளே. கடைசியில் எப்படிச் சாகிறான்?”

“சாக மாட்டான் மாமா. பார்ட் டூ இருக்கு.”

அப்போது பதில் சொல்ல வரவில்லை. பண்டிகை நாளில் ஏன் வாக்குவாதம் என்று கரும்பைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இந்தக் கட்டுரையை அந்தப் பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவன் செய்ததை நான் குறை சொல்ல முடியாது. நாட்டார் கதையைப் பிடித்துச் சூப்பர் ஹீரோ சட்டை மாட்டுகிற வேலையை அமெரிக்காக்காரர்கள் பல காலமாகச் செய்து வருகிறார்கள். அதில் ஒன்று என் கைக்கு வந்த விதம் இது. 1996இல் வேலைத் தேர்வு எழுதச் சென்னைக்குப் போயிருந்தேன். தேர்வு முடிந்த கையோடு திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக் குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். அட்டை கிழிந்த ஆங்கிலக் காமிக்ஸ் ஒன்று அகப்பட்டது. பன்னிரண்டு ரூபாய். அதில் ஒரு கறுப்பின மனிதன், உடம்பெல்லாம் எஃகுக் கவசம், கையில் சம்மட்டி. அந்தச் சம்மட்டிக்காகத்தான் வாங்கினேன். எங்கள் அப்பா கிணறு வெட்டியவர். சம்மட்டி எங்கள் வீட்டில் குடத்துக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கும் பொருள்.

அந்த மனிதனின் பெயர் ஸ்டீல். சொந்தப் பெயர் ஜான் ஹென்றி அயர்ன்ஸ்.

அவன் வந்த சூழலைச் சொல்லிவிடுகிறேன். 1992 நவம்பரில் டிசி காமிக்ஸ் நிறுவனம் சூப்பர்மேனைக் கொன்றது. சூப்பர்மேன் இதழின் 75ஆம் எண். டூம்ஸ்டே என்ற அரக்கனோடு மோதி அவனையும் வீழ்த்தித் தானும் விழுந்தான். இதழ் லட்சக்கணக்கில் விற்றது. அடுத்த ஆண்டு அவன் இடத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். மூவர் தாங்களே சூப்பர்மேன் என்றார்கள். அப்படிச் சொல்லாத நான்காமவன் இந்த ஜான் ஹென்றி. எழுதியவர் லூயிஸ் சைமன்சன், வரைந்தவர் ஜான் பாக்டனோவ். ஆயுதக் கம்பெனியில் பொறியாளனாக இருந்தவன் அவன். தான் வடிவமைத்த துப்பாக்கி சாதாரண மக்களைக் கொல்வதைப் பார்த்து வேலையை விட்டு, பெயரை மாற்றிக்கொண்டு, கட்டட வேலைக்குப் போகிறான். உயரத்திலிருந்து விழுந்தவனைச் சூப்பர்மேன் தாங்கிப் பிடிக்கிறான். அந்தக் கடன் அவன் தலைமேல் நிற்கிறது. சூப்பர்மேன் செத்தபின் கவசம் ஒன்று செய்து போட்டுக்கொண்டு தெருவில் இறங்குகிறான். அதே துப்பாக்கி இப்போது ரவுடிக் கும்பல்களின் கையில் இருக்கிறது. அவன் முதல் எதிரி அவன் செய்த பொருள்தான்.

பெயர் மட்டும் எனக்கு இடறியது. ஜான் ஹென்றியும் சம்மட்டியும் ஏன் சேர்ந்து வர வேண்டும்? பிறகு ஆசிரியர் வேலை கிடைத்து, பள்ளிக்கூட ஆங்கிலப் பாடத்துக்காக அமெரிக்க நாட்டுப் பாடல்களைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் விடை கிடைத்தது.

ஜான் ஹென்றி, அமெரிக்கக் கறுப்பினத் தொழிலாளர்களின் நாட்டார் பாடல் நாயகன். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த காலம். செசபீக் அண்டு ஒஹையோ ரயில்வே, விர்ஜீனியா மலைகளைக் குடைந்து மேற்கே பாதை போடுகிறது. மேற்கு விர்ஜீனியாவில் டால்காட் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிக் பெண்ட் சுரங்கம். 1870இல் தொடங்கி 1872இல் முடிந்தது. ஒன்றேகால் மைலுக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே சம்மட்டி அடித்தவன் ஜான் ஹென்றி என்று பாடல் சொல்கிறது. ஒருநாள் நீராவியால் ஓடும் துளை இயந்திரம் வருகிறது. மனிதன் அடிப்பது அதிகமா, இயந்திரம் குடைவது அதிகமா என்று பந்தயம். பல வடிவங்களில் இயந்திரம் ஒன்பது அடி, ஜான் ஹென்றி பதினான்கு அடி. ஜெயித்தான். ஜெயித்த இடத்திலேயே சம்மட்டியைக் கையில் பிடித்தபடி விழுந்து செத்தான்.

இந்த வேலையை நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. கரிசல் பக்கம் கிணறு வெட்டும்போது முதலில் மண், பிறகு சரளை, அதற்குக் கீழே பாறை. பாறை வந்ததும் தமர் போட வேண்டும். தமர் என்றால் வெடிமருந்து அடைப்பதற்காகப் பாறையில் இறக்கும் துளை. ஒருவர் உளியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பார். மற்றவர் நின்றுகொண்டு சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பார். ஒவ்வொரு அடிக்கும் பிடித்திருப்பவர் உளியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருப்பாவிட்டால் உளி பாறையில் சிக்கிக்கொள்ளும். துளைக்குள் தண்ணீர் ஊற்றி, சேரும் கல்மாவை நீளக் கரண்டியால் வழித்தெடுப்பதும் அவர் வேலைதான். அப்பா பத்து வயதில் உளி பிடித்து, பிறகு சம்மட்டிக்கு உயர்ந்தவர். அவருடைய இடது கைப் பெருவிரல் நகம் கடைசி வரை சரியாக வளரவில்லை. அடித்தவர் யார் என்று கேட்டால் சிரிப்பார், சொல்ல மாட்டார்.

அமெரிக்காவிலும் இதே ஏற்பாடுதான். உளி பிடித்துத் திருப்புகிறவனை அங்கே ஷேக்கர் என்பார்கள்.

எங்கள் ஊருக்கு இயந்திரம் வந்த கதையில் பந்தயம் எதுவும் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு டிராக்டர் பின்னால் கம்ப்ரசரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அப்பாவும் அவர் கூட்டாளியும் ஒரு நாளில் போடும் தமரை அது காலைக் காப்பிக்கு முன்னால் போட்டு முடித்தது. அப்பாவை யாரும் போட்டிக்குக் கூப்பிடவில்லை. வேலைக்கும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

ஜான் ஹென்றி என்று ஒருவன் உண்மையிலேயே இருந்தானா? இதைப் பல பேர் தேடியிருக்கிறார்கள். கை ஜான்சன் 1929இலும், லூயிஸ் சாப்பல் 1933இலும் புத்தகமே போட்டார்கள். பந்தயம் நடந்தது அலபாமா மாநிலத்தில் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. என்னைக் கட்டிப்போட்டது ஸ்காட் ரெனால்ட்ஸ் நெல்சன் என்ற வரலாற்றாசிரியர் 2006இல் எழுதிய புத்தகம். அவர் விர்ஜீனியா மாநிலச் சிறைப் பதிவேடுகளில் ஜான் வில்லியம் ஹென்றி என்ற கைதியைக் கண்டுபிடித்தார். வயது பத்தொன்பது. திருட்டுக் குற்றத்துக்குப் பத்தாண்டுத் தண்டனை. உயரம் ஐந்தடி ஓரங்குலம் சொச்சம். சுவரோவியங்களிலும் படப் புத்தகங்களிலும் மலை போல நிற்கிற அந்த ராட்சதன், பதிவேட்டில் என் ஒன்பதாம் வகுப்புப் பையன் உயரம்.

சிறை நிர்வாகம் கைதிகளை ரயில்வே ஒப்பந்தக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டது. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: திரும்பி வராத கைதி ஒருவனுக்கு நூறு டாலர் அபராதம். அதனால் செத்தவனையும் சிறைக்கே கொண்டுவந்தார்கள் என்கிறார் நெல்சன். பாடலின் சில வடிவங்களில் ஜான் ஹென்றியை வெள்ளை மாளிகைக்குக் கொண்டுபோய் மணலில் புதைத்ததாகவும், அந்த வழியே ரயில்கள் இரைந்துகொண்டு போவதாகவும் வரும். எல்லோரும் அதைக் கவி மயக்கம் என்று நினைத்திருந்தார்கள். ரிச்மண்ட் நகரத்துப் பழைய சிறையின் அஞ்சலட்டைப் படத்தில் நெல்சன் ஒரு வெள்ளைக் கட்டடத்தையும் அதன் பக்கத்தில் ரயில் பாதையையும் பார்த்தார். 1992இல் அந்த இடத்தைத் தோண்டியபோது சுமார் 300 எலும்புக்கூடுகள் கிடைத்திருந்தன. அவர்களைக் கொன்றது பெரும்பாலும் பந்தயம் ஆகாது, பாறைத் தூசு என்பது அவர் முடிவு. கைதிகளும் நீராவித் துளை இயந்திரமும் பக்கம் பக்கமாக வேலை செய்த லூயிஸ் சுரங்கம்தான் உண்மையான களம் என்றும் அவர் வாதிடுகிறார். எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. நான் ஏற்கிறேன். அப்பாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவன் வேறெப்படி இருக்க முடியும்?

நெல்சன் சொல்லும் இன்னொரு விஷயம் முக்கியமானது. சம்மட்டி அடிக்கிறவர்கள் இந்தப் பாடலைத் தாளத்துக்காக, மெதுவாகப் பாடினார்கள். எல்லோரும் ஒரே நிதானத்தில் அடிக்க வேண்டும், எவனும் முந்தக் கூடாது. வேகத்தைக் காட்ட நினைத்தவன் கதி இதுதான் என்று பாட்டு எச்சரிக்கிறது. வீரப் பாட்டு மாதிரி தெரிந்தாலும், உள்ளே இருப்பது பொறுத்து அடிப்பா என்கிற கூட்டாளியின் குரல்.

இப்போது காமிக்ஸுக்குத் திரும்பி வாருங்கள். இயந்திரத்தோடு மோதிச் செத்தவனின் பெயரையும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டு, அவனை இயந்திரத்துக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். ஸ்டீலின் கவசம் பறக்கும், குண்டு தாங்கும். சம்மட்டியோ எறிந்த தூரம் கூடக் கூட அடியின் பலம் கூடும் கருவி. நீராவித் துளை இயந்திரம் ஜெயித்துவிட்டது, ஜான் ஹென்றி அதற்குள் ஓட்டுநராகச் சேர்ந்துவிட்டான் என்று இதைப் படிக்கலாம். முதலில் எனக்கு அது துரோகமாகத் தெரிந்தது. இரண்டாம் முறை படித்தபோது கொஞ்சம் இரக்கம் வந்தது. சைமன்சனின் ஜான் ஹென்றி ஒரு பொறியாளன், தன் கையால் செய்த பொருளுக்குப் பயப்படுகிறவன். 1870இல் பயம் இயந்திரம் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும் என்பது. 1993இல் பயம் நாம் செய்த இயந்திரம் யார் கைக்குப் போகும் என்பது. காலத்துக்கு ஏற்பக் கேள்வியை மாற்றியிருக்கிறார்கள். அதில் தப்பில்லை.

மாற்றக் கூடாதது சாவு. அதைத்தான் முதலில் கழற்றிப் போட்டார்கள். ஸ்டீலுக்கு 1994இல் தனி இதழ் தொடங்கியது, 1998 வரை மாதா மாதம் வந்தது. 1997இல் கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ’நீலைப் போட்டுச் சினிமாவும் எடுத்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. படுதோல்வி. பிற்பாடு அவன் வீட்டுப் பெண் நடாஷாவே அந்தக் கவசத்தைப் போட்டுக்கொண்டாள். இது மட்டும் அவர்கள் அறியாமலே பாட்டுக்குப் பக்கத்தில் வந்த இடம். ஜான் ஹென்றி நோயில் படுத்தபோது அவன் பெண்டாட்டி பாலி ஆன் சம்மட்டியை எடுத்து ஆணுக்குச் சமமாக அடித்தாள் என்று சில வடிவங்களில் உண்டு.

ஏன் சாக விடுவதில்லை? மாத இதழ் வியாபாரத்தில் நாயகன் செத்தால் அடுத்த மாதம் என்ன விற்பது? சூப்பர்மேனே ஓராண்டுக்குள் எழுந்து வந்துவிட்டான். நாட்டார் கதைக்கு அந்தக் கவலை இல்லை. முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்கிற சனத்துக்கு முடிவு தெரியும். அந்தணப் பிள்ளை, சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொண்டு செருப்புத் தைக்கப் பழகினவன். மாமனார் மாடுகளை மீட்கப் போய்த் திருடர்களை அடித்துத் துரத்திவிட்டு, மறைந்திருந்தவன் குத்திச் செத்துப்போவான் என்று குழந்தைக்கும் தெரியும். தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். மதுரை வீரனும் காத்தவராயனும் அப்படித்தான். செத்ததால்தான் சாமி. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் ஆகிவிட்ட முத்துப்பட்டனுக்கு இன்றைக்கும் தோல் செருப்பு காணிக்கை போடுகிறார்கள். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் அது தேய்ந்திருக்கும், அவர் போட்டு நடந்திருக்கிறார் என்பது நம்பிக்கை. என் மருமகன் நீல நெருப்பு வைத்தது அந்தச் செருப்புக்குத்தான். தேய்கிற செருப்பா, பறக்கிற செருப்பா என்று கேட்டால் நான் தேய்கிற கட்சி.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மார்வெல் நிறுவனம் 2006இல் எக்ஸ்-மென் ஃபேரி டேல்ஸ் என்று நான்கு இதழ்கள் போட்டது. முதல் இதழ், ஜப்பானியக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த மொமொதாரோ கதை. பீச் பழத்திலிருந்து பிறக்கும் பையன், நாய், குரங்கு, காட்டுக்கோழி மூன்றுக்கும் பனிவரகு உருண்டை கொடுத்துக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அரக்கர் தீவுக்குப் போவான். பழத்துப் பையனாகக் கண்ணிலிருந்து கதிர் வீசும் சைக்ளாப்ஸ். இது பொருந்துகிறது. எக்ஸ்-மென் என்பதே ஊர் ஒதுக்கிய ஆட்கள் ஒன்றுசேரும் கூட்டம், மொமொதாரோவும் கூட்டம் சேர்க்கிற கதை. ஆனாலும் எனக்குப் பிடித்தது அந்த உருண்டைதான். பாட்டி சுருட்டிக் கட்டிக்கொடுத்த தின்பண்டத்தில் பாதியைப் பகிர்ந்துதான் அந்தப் பையன் படை திரட்டுகிறான். கண்ணில் கதிர் இருக்கிறவனுக்கு உருண்டை எதற்கு?

எழுதியவர் சி. பி. செபுல்ஸ்கி. இவரைப் பற்றி ஒரு கிளைக் கதை. 2004, 2005இல் மார்வெலில் அகிரா யோஷிதா என்ற ஜப்பானிய எழுத்தாளர் பெயரில் வந்த கதைகள் உண்மையில் இவர் எழுதியவை. அப்போது மார்வெலில் ஆசிரியர் குழுவில் இருந்தார். 2017இல் தலைமை ஆசிரியர் ஆனபோதுதான் ஒப்புக்கொண்டார். காமிக்ஸ் உலகத்தில் முகமூடி போடுகிறவர்கள் பாத்திரங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு அது புதுப் பாடம்.

அடுத்த ஆண்டு ஸ்பைடர்-மேனுக்கும் அதே மாதிரி வரிசை வந்தது. அதில் கானா நாட்டு அகான் மக்களின் சிலந்தி நாயகன் அனான்சி வருகிறான். வானத்துக் கடவுள் நியாமேயிடம் இருந்த எல்லாக் கதைகளையும் அனான்சி விலைக்கு வாங்கினான் என்பது அவர்கள் கதை. விலை பணமில்லை: மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம், ஒரு காட்டுத் தேவதை. நான்கையும் தந்திரத்தால் பிடித்துக் கொடுத்தான். மலைப்பாம்பைப் பிடித்த விதம் என் மாணவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நீ நீளமா இந்தக் கழி நீளமா என்று கேட்டு, அளந்து பார்ப்போம் என்று கழியோடு நீட்டிப் படுக்க வைத்துக் கட்டிவிட்டான். அடிமைக் கப்பல்களில் இந்தச் சிலந்தி ஜமைக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. முதலாளியை ஏமாற்றத் தெரிந்த சின்ன உயிர் அங்கே எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்! ஸ்பைடர்-மேனின் சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. பீட்டர் பார்க்கர் பொறுப்புக்குக் கட்டுப்பட்டவன். அனான்சி பொறுப்பைக் கண்டால் வேலி தாண்டி ஓடுகிறவன், பொய்யன், சாப்பாட்டுராமன், பாதிக் கதைகளில் மாட்டிக்கொண்டு அவமானப்படுகிறவன்.

எதிர்த் திசையிலும் வண்டி ஓடியிருக்கிறது. லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய ஃபேண்டம், இந்தியாவில் 1964இல் இந்திரஜால் காமிக்ஸ் வழியாக வந்தபோது இந்தியில் வேதாளம் என்று பொருள்படும் வேதால் ஆனார். வங்காளத்தில் அரண்யதேவ், காட்டுத் தெய்வம். கதை நடக்கும் பங்கல்லா நாட்டைத் தெங்காலி என்றும், சிங் கடற்கொள்ளையரைச் சிங்கா என்றும் மாற்றிக்கொண்டார்கள். வெள்ளைக்காரத் துரை ஒருவர் முருங்கை மரத்து வேதாளத்தின் பெயரை வாங்கிக்கொண்டு நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார், நாமும் பாய் விரித்தோம். என் தலைமுறைக்கு முத்து காமிக்ஸ். 1972இல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன், மின்சாரம் பாய்ந்தால் மாயமாவான், கை மட்டும் தெரியும். 1962இல் ஆங்கிலேய வார இதழில் தொடங்கிய கதை என்பது அன்றைக்கு யாருக்குத் தெரியும்? விரல் நசுங்கிய அப்பாவுக்கு அப்படி ஒரு கை கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நான் யோசித்திருக்கிறேன். லயன் காமிக்ஸில் பிறகு வந்த ஸ்பைடர் (ஸ்பைடர்-மேன் இல்லை, வேறு ஆள்) கதைகள் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பதும் வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

சூப்பர்மேன் பேச்சு வந்ததால் ஒன்று. நாற்பதுகளின் வானொலித் தொடரில் அவனை அறிமுகம் செய்யும்போது ரயில் எஞ்சினைவிடப் பலசாலி என்பார்கள். பலத்துக்கு அளவுகோல் எஞ்சின். அந்த எஞ்சின் போவதற்குப் பாறையைக் குடைந்தவர்களின் பெயர் மணலுக்குள் கிடந்தது.

அந்தப் பெயரைச் சரியாக எடுத்தவர் என்று நான் நினைப்பது டார்வின் குக். கனடாக்காரர், 2016இல் ஐம்பத்து மூன்று வயதில் காலமானார். 2004இல் எழுதி வரைந்த டிசி: த நியூ ஃப்ரான்டியர் ஐம்பதுகளின் அமெரிக்காவில் நடக்கிறது. சூப்பர்மேன், வொண்டர் உமன், பேட்மேன் எல்லோரும் உண்டு. நடுவே சில பக்கங்களில் ஜான் வில்சன் என்ற கறுப்பினத்தவன் வருகிறான். போருக்குப் போய்த் திரும்பிய சிப்பாய். கூ க்ளக்ஸ் க்ளான் கும்பல் அவன் குடும்பத்தைக் கொன்று அவனையும் தூக்கில் போடுகிறது. பிழைத்துக்கொள்கிறான். முகத்தை மூடிக்கொண்டு, கழுத்தில் அந்தத் தூக்குக் கயிற்றோடு, இரண்டு சம்மட்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஜான் ஹென்றி. பறக்கத் தெரியாது, குண்டு பட்டால் ரத்தம் வரும். ஒருநாள் அடிபட்டு ஓடி, ஒரு வீட்டுப் பக்கம் ஒதுங்குகிறான். வெள்ளைக்காரச் சிறுமி ஒருத்தி எதிரே நிற்கிறாள். அவன் உதவி கேட்கிறான். அவள் துரத்தி வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுக்கிறாள். முடிந்தது.

உலகத்தையே காப்பாற்றுகிற அத்தனை பேர் உலவும் அதே புத்தகத்தில் அவனுக்கு உதவ ஒருவரும் வரவில்லை. மார்வெல், டிசி இரண்டும் நாட்டார் கதையைத் தொட்ட பக்கங்களில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது இவைதான். ஸ்டீலின் நான்கு வருஷ இதழ்களை ஒரு தட்டில் வைத்து இந்தச் சில பக்கங்களை மறு தட்டில் வைத்தால், தட்டு எந்தப் பக்கம் இறங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குக், பாட்டில் இருக்கும் நீராவி இயந்திரத்தை எடுத்துவிட்டார், பதிலாக வேறோர் இயந்திரத்தை வைத்தார். சாவை வைத்துக்கொண்டார்.

இந்தக் கதை முழுவதையும் அப்பாவிடம் ஒரு தடவை சொன்னேன். அவருக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். சுரங்கம், நீராவி இயந்திரம், பந்தயம், பதினான்கு அடி, ஒன்பது அடி எல்லாம் சொன்னேன். சம்மட்டி எத்தனை ராத்தல் என்று மட்டும் இடையில் கேட்டார். செத்த இடம் வந்ததும் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, “ஏய்யா, அவனுக்கு உளி பிடிச்சவன் பேரு என்ன?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. போய்த் தேடினேன். நான் பார்த்த பாடல் வடிவங்கள் பலவற்றில் ஷேக்கர் வருகிறான். என் அடி தப்பினால் நாளைக்கு உன்னைப் புதைக்க வேண்டியிருக்கும், சாமியைக் கும்பிட்டுக்கொள் என்று ஜான் ஹென்றி அவனிடம் சொல்வதும் வருகிறது. பெயர் வரவில்லை. பதினான்கு அடி இறங்கியதென்றால் அத்தனை அடிக்கும் உளியைத் திருப்பிக் கொடுத்தவன் ஒருவன் அங்கே குந்தியிருந்தான். காமிக்ஸில் பெயர் இல்லாதது மட்டுமல்ல, ஆளே இல்லை. ஸ்டீல் தனியாகப் பறக்கிறான். குக்கின் ஜான் ஹென்றி தனியாகச் சாகிறான். நாட்டார் கதையிலிருந்து சூப்பர் ஹீரோ கதைக்கு வருகிற வழியில் முதலில் தொலைந்து போகிறவன் இந்தக் கூட்டாளிதான் என்று அன்றைக்குப் பட்டது. மொமொதாரோவின் உருண்டையைச் சுருட்டிய பாட்டியும் அங்கேதான் எங்கோ தொலைந்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒன்பதாம் வகுப்புக்கு இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம். இரண்டு பையன்களை முன்னால் வரச் சொல்லி, ஒருவன் கையில் ஸ்கேலைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்வேன், மற்றவனை டஸ்டரால் அடிக்கச் சொல்வேன். எல்லோரும் டஸ்டருக்குத்தான் போட்டி போடுவார்கள்.

மாப்ளே, உனக்கு ஒரு வேண்டுகோள். பட்டனுக்குக் கவசம் போடு, மின்னல் கம்பும் கொடு, நான் மறுக்கவில்லை. நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை என்னிடம் இருக்கிறது, கூரியரில் அனுப்புகிறேன், ஒரு தடவை முழுசாகப் படித்துவிடு. பொம்மக்காவும் திம்மக்காவும் உன் படங்களில் ஒன்றில்கூட இல்லை, அவர்களைக் கொண்டுவா. அந்தச் செருப்பைத் தைக்கக் கற்றுக்கொடுத்த மாமனாரைக் கொண்டுவா. பார்ட் டூ வேண்டுமென்றால் அவர்களை வைத்து எடு. முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் பட்டனைச் சாக விடு.

அடுத்த ஆடி அமாவாசைக்குக் காரையாறு போகிறேன். லீவு கிடைத்தால் நீயும் வா.